கூடைக்குள் பாடிய பெட்டி

உனக்கு இதெல்லாம் எதற்கு? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, “அத்தே, அந்த மாட்டுங்கா கதையைச் சொல்லுங்க” என்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தால் பாலை யார் பார்ப்பது? பொங்கி வழிந்தால் துடைக்கப்போவது நானா? உன் மாமனாரிடம் கேட்டிருக்கலாம், அவர் இருந்தபோது கேட்கவில்லை. இப்போது அறுபது வருஷம் பழசான சங்கதிக்கு அவசரம் வந்துவிட்டது.

திட்டுவது என் மருமகளை. அவள்தான் எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல நல்ல தமிழாக மாற்றிப் போடுகிறேன் என்கிறாள். போடட்டும். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ் நம்பர் தெரியும். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் தப்பித்தது. ஆனால் ஆட்கள் பேசியதை மட்டும் பேசிய மாதிரியே எழுது, அதில் கை வைத்தால் அடுத்த வேளைச் சமையல் உன்னுடையது என்று சொல்லியிருக்கிறேன்.

அறுபதுகளில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். தாராவியில் நாங்கள் இருந்த அறையை ஒட்டித் தகரம் அடைத்து ஒரு பட்டறை வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். ஆம்ப்ளிபையர் கட்டுவதுதான் தொழில். பழைய ரேடியோவில் கழற்றிய வால்வு, தானே கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர், எங்கிருந்தோ எடைக்கு வாங்கிவந்த திருகு, சுவிட்சு. இதையெல்லாம் உட்காரவைக்கும் தட்டு, காலி வனஸ்பதி டின்னை வெட்டித் தட்டி நிமிர்த்தியது. பார்ப்பதற்கு, வண்டிச் சக்கரம் ஏறிய டப்பா மாதிரி இருக்கும். கல்யாண வீடு, கோயில் கொடை என்று வாடகைக்கு மைக் செட் கொடுப்பவர்கள் வாங்கிப்போவார்கள். அவர்களும் வர வரக் குறைந்து, இரண்டு மாதமாகப் பட்டறையில் ஈ கூட உட்காரவில்லை.

அவருடைய அண்ணன், எனக்கு அத்தான் முறை, தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்தார். எங்கள் இரண்டு பேரையும் ஊரிலிருந்து கூட்டிவந்து பம்பாயில் குடிவைத்தவர் அவர்தான். ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“லேய், இந்தப் பாட்டுப் பொட்டிய வச்சு எத்தன நாளைக்குல பொழைப்ப? மேஸ்திரிகிட்ட சொல்லியாச்சு. ஒண்ணாந்தேதி வந்து நில்லு.”

“மாட்டுங்கா சபைக்கு ஒரு பொட்டி கேட்டிருக்காவ, அண்ணே. அத மட்டும் பாத்துக்கிடுதேன். ஆகலன்னா நீங்க சொன்னபடி வந்துருதேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவ்வளவுதான். என்னைக் கேட்காமலேயே சத்தியம் பண்ணிவிட்டார். தோல் வேலையை நான் மட்டமாகப் பேசமாட்டேன், அந்தச் சம்பளத்தில் நானும் சோறு தின்றவள். ஆனால் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த அத்தானுக்கு விரல் நுனியெல்லாம் வெடித்து, சூடு தெரியாது, குளிர் தெரியாது. என் வீட்டுக்காரர் தலைமுடி மாதிரி இருக்கும் கம்பியை இரண்டு விரலால் தடவியே எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்வார். அந்த விரலைக் கொண்டுபோய்த் தொட்டியில் விடுவதா? அதோடு இன்னொன்றும் உண்டு. மற்ற நேரமெல்லாம் உம்மென்று இருக்கும் மனுஷன், புதுப் பெட்டி முதல்முதலாகப் பாடும்போது மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். கட்டின பெண்டாட்டிக்கு அந்தச் சிரிப்பாவது மிஞ்சவேண்டாமா?

மாட்டுங்கா சபை என்றால் பஜனை, கச்சேரி எல்லாம் நடக்கும் ஒரு ஹால். அங்கே இருந்த பழைய செட்டு பாகவதர் வாயைத் திறக்கும் முன்பே ஊளையிடும். செயலாளர் பெரிய ஆபீசில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷர். அவர்தான் என் வீட்டுக்காரரிடம் ஒன்று கட்டச் சொன்னார். கட்டி முடிக்கிற நேரத்தில் குறுக்கே வந்தார் இன்னொருவர். ரிட்டயர் ஆனவர். சங்கீதத்தில் அவர் காது சுத்தமான காது என்று மாட்டுங்கா முழுக்கப் பேச்சு. கச்சேரியில் முதல் வரிசையில் அவர் தலை ஆடிய பிறகுதான் மற்ற தலைகள் ஆடும். பெயர் வேண்டாம், காதுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய மச்சினர் கப்பலில் வேலை பார்ப்பவர், ஊருக்கு வரும்போது ஒரு வெளிநாட்டு ஆம்ப்ளிபையர் கொண்டுவந்திருந்தார். தேக்கு மரப் பெட்டி, முகத்தில் பச்சை விளக்கு, வரிசையாகப் பித்தளைத் திருகு. அதைச் சபைக்குக் கொடுக்க மச்சினருக்குச் சம்மதம் என்றார் காதுக்காரர்.

எங்கள் பெட்டியைக் காட்டப்போன அன்று செயலாளர் வீட்டில் நானும் இருந்தேன். காதுக்காரர் அதைப் போடச் சொல்லவே இல்லை. சுற்றிவந்து பார்த்தார். டின்னில் பனைமரப் படம் பாதி அழியாமல் இருந்தது.

“இதுலேயா வீணை கேக்கச் சொல்றேள்? தாராவி மால் தாராவி மால்தான், ஸார்.”

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து செயலாளரின் மனைவி வந்தாள். மாமி என்றுதான் கூப்பிடுவோம்.

“ஏன்னா, எல்லாருமா கண்ணால பாத்தே சங்கீதம் கேக்கறேளே. போன மாசம் காபிப்பொடி என்ன ஆச்சு?”

செயலாளர் சிரித்துவிட்டார். பழைய கடைப் பொடிதான் உசத்தி, புதுக் கடைப் பொடி மண் மாதிரி இருக்கிறது என்று செயலாளர் வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டாராம். மாமி பழைய டப்பாவில் புதுப் பொடியைக் கொட்டிவைத்தாள். இவர் ரசித்து ரசித்து இரண்டு டம்ளர் குடித்தாராம்.

“அதே மாதிரி ரெண்டையும் மறைச்சு வெச்சுக் கேளுங்கோ. எது நன்னா இருக்கோ அதை எடுத்துக்கோங்கோ. யாருக்கும் மனஸ்தாபம் கிடையாது.”

காதுக்காரருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. “மூட்டைக்குள்ளே கட்டி வெச்சாலும் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை கார்த்தால வெச்சுக்கலாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் பழைய சேலையில் பெட்டியைச் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். கம்பிச் சுருள், சுவிட்ச் பலகையோடு நான் பின்னால். ரயில் பாலத்தில் ஏறும்போது சொன்னார்:

“ஏட்டி, அங்க வந்து வாயாடாத. பெரிய மனுஷாளுவ இருக்க எடம்.”

“நான் என்னத்தப் பேசப்போறேன். மூலையில கெடக்கேன்.”

செயலாளர் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர், காதுக்காரர், சபையைச் சேர்ந்த இன்னும் மூன்று பேர். எதிரே சபை ஸ்பீக்கர். ஸ்பீக்கர் ஒன்றுதான். ஆம்ப்ளிபையர் இரண்டும் பின்னால் சாப்பாட்டு அறையில். நடுவில் திரை வேண்டும் என்று மாமி ஒன்பது கஜப் புடவை ஒன்றைக் கொடியில் விரித்துத் தொங்கவிட்டாள். நான் ஒதுங்கி நிற்பதைப் பார்த்து, “இது மடிப்புடவை இல்லேடி, தைரியமாத் தொடு” என்றாள். “தொட்டா கிழியுமான்னு பாத்தேன் மாமி” என்றேன். அவளுக்குச் சிரிப்பு.

என் வீட்டுக்காரர் ஒரு பலகையில் கத்தி சுவிட்ச் வைத்திருந்தார். பிடியை இடது பக்கம் சாய்த்தால் ஒரு பெட்டி பாடும், வலது பக்கம் சாய்த்தால் இன்னொன்று. ரிக்கார்டு ஓடுவது பொது. இப்போது அந்தப் பிடியை யார் போடுவது? அங்கேதான் சண்டை. கட்டினவர் போடக்கூடாது, ஜாடை காட்டுவார். செயலாளர் போடக்கூடாது, பெட்டியின் பெயரைப் படித்துவிடுவார், முகத்தில் தெரியும்.

காதுக்காரர் என்னைப் பார்த்தார். “உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமோ?”

“இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கோலம் மாதிரி, சாமி. எங்க ஆரம்பிக்கும் எங்க முடியும்னே தெரியாது.”

“பேஷ். இவளே போடட்டும்.”

படிக்காததற்காக எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. எங்களை வெளியே நிற்கவைத்துவிட்டு, செயலாளர் தானே இரண்டு பெட்டியையும் இடம் மாற்றி, கம்பி கோத்து, ஒவ்வொன்றின் மேலும் காய்கறி வைக்கும் பிரம்புக் கூடையைக் கவிழ்த்தார். துணி போட்டால் வால்வு சூட்டில் பற்றிக்கொள்ளுமே. சத்தத்தை எவ்வளவு வைப்பது என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் தன் மீட்டரை எடுத்தார். காதுக்காரர் கையை ஆட்டினார்.

“உன் மீட்டர் உன் பக்கம்தான் பேசும். ரெண்டு திருகையும் அஞ்சாம் நம்பர்லே வையுங்கோ. இதைவிட நியாயம் வேணுமா?”

“பராபர்! ரொம்ப சரி!” என்றார் இன்னொருவர். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டார்.

எந்த வரிசையில் போடுவது என்பதற்கு மாமி தாயம் விளையாடும் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை. நான் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை உருட்டவேண்டும். வெள்ளை விழுந்தால் இடது, கறுப்பு விழுந்தால் வலது. பத்துத் தடவை. எதைப் போட்டேன் என்று ஞாபகம் வைக்க, தரையில் கோலமாவால் நெட்டாக ஒரு கோடு இழுத்து, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி, இடதுக்கு இடது புறம், வலதுக்கு வலது புறம். வெளியே உட்கார்ந்தவர்கள் பிடித்திருந்தால் காகிதத்தில் டிக் போடுவார்கள், பிடிக்காவிட்டால் பெருக்கல் குறி.

என் வீட்டுக்காரர் ஒன்று மட்டும் சொன்னார்: “ஒரே பக்கம் ரெண்டு மட்டம் விழுந்தாலும் பிடியத் தூக்கி மறுபடியும் போடு. ‘டக்’குன்னு சத்தம் வரலன்னா மாத்தலன்னு கண்டுபிடிச்சிருவாவ.”

திரைக்குப் பின்னால் நானும் இரண்டு கூடையும். மாமி கொடுத்த மோர் டம்ளர், மூடியோடு பக்கத்தில். செயலாளர் “ஒண்ணு!” என்றார். உருட்டினேன். கறுப்பு. வீணை கிளம்பியது.

எனக்கு எந்தக் கூடையில் எது என்று தெரியாது என்றுதானே எல்லோரும் நினைத்தார்கள்? ஐந்து நிமிஷம்தான் தெரியாமல் இருந்தது. வால்வு சூடேறியதும் இடது கூடையிலிருந்து வனஸ்பதி வாசனை வந்தது. எங்கள் டின் எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான்காவது தடவையிலிருந்து வெளியே வரும் சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். கறுப்பு விழும்போதெல்லாம் வெளியே “ஆஹா”, “சபாஷ்”, தொடையில் தாளம். எங்கள் பக்கமான வெள்ளை விழுந்தால் இருமல். ஒருத்தர் மூக்கைச் சிந்தினார். கொட்டை என் கையில். எது விழுந்தாலும் நான் எங்கள் பக்கமே பிடியைச் சாய்த்துவிட்டு, புள்ளியை இடம் மாற்றி வைத்தால் யாருக்குத் தெரியும்? நினைத்தேன், மறைக்கமாட்டேன். கை பாதி தூரம் போகவும் செய்தது. பிறகு, மாட்டிக்கொண்டால் இவர் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்ட முடியாதே என்ற பயத்தில் ஒழுங்காகவே போட்டேன்.

ஒழுங்காகப் போட்டதால்தான் ஒன்று கண்ணில் பட்டது. கறுப்புக்கு மட்டும் மோர் டம்ளர் மூடி கிணிகிணி என்று ஆடுகிறது. வெள்ளைக்கு ஆடவில்லை. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. ஒரு தடவை கூடத் தப்பவில்லை.

திரையை விலக்கினார்கள். செயலாளர் குனிந்து என் புள்ளிகளைப் பார்த்துக் காகிதங்களோடு ஒப்பிட்டார். வலது பக்கம் பாடியதற்கு ஐந்து பேரும் டிக், இடது பக்கம் பாடியதற்கு ஐந்து பேரும் பெருக்கல் குறி. காதுக்காரர் எழுந்துபோய் வலது கூடையைத் தானே தூக்கினார். பச்சை விளக்கு மின்னியது.

“நான் சொல்லலையா?”

என் வீட்டுக்காரர் குனிந்து மிச்சக் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார். மெதுவாக, முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, ஒரு சுற்று, இரண்டு சுற்று. தொட்டிக்குப் போகப்போகிற கை அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, கோபம்தான் வந்தது. வாயாடமாட்டேன் என்று பாலத்தில் சொன்னது பாலத்தோடு போயிற்று.

“சாமி, ஒண்ணு கேக்கலாமா? இது நல்லா பாடுதது எதுன்னு பாக்கதா, சத்தமா கத்துதது எதுன்னு பாக்கதா?”

“ஏட்டி” என்றார் என் வீட்டுக்காரர்.

“சும்மா கெடங்க. இந்த மூடியப் பாருங்க சாமி. அந்தப் பொட்டி பாடுனா ஆடுது, எங்க பொட்டி பாடுனா கெடக்கு.”

காதுக்காரர் முகம் சிவந்தது. “ரெண்டும் அஞ்சுலேதான் இருக்கு. நீயே பாரு. இதுவும் அஞ்சு, அதுவும் அஞ்சு.”

“யாரோட அஞ்சு?”

“என்னது?”

“எங்க தெருவுல தண்ணி பைப்பு ஒண்ணுதான், சாமி. வீட்டுக்கு அஞ்சு கொடம்னு சட்டம். நான் மண்கொடத்துல அஞ்சு எடுப்பேன். எதிர்வீட்டுக்காரி இடுப்பொசரம் ஹண்டா கொண்டாந்து அவளும் அஞ்சுதான் எண்ணுவா. கேட்டா, சட்டப்படி அஞ்சுதானேம்பா. எண்ணுனது அஞ்சுதான். எம் வீட்டுல புள்ளைக்குக் குளிக்கத் தண்ணி இல்ல, அவ வீட்டுல வாசல் தெளிக்கா.”

அப்புறம் அடுக்களையிலிருந்து மாமியின் குரல்.

“அவ சொல்றது வாஸ்தவம்தான். ஒவ்வொரு தரம் ‘ஆஹா’ங்கறதுக்கு முன்னாடியும் இங்கே கரண்டி ஆடித்து. சத்தம் ஜாஸ்தியானா உங்களுக்கெல்லாம் ஞானம் ஜாஸ்தியாயிடறது.”

மற்ற மூன்று பேரில் ஒருவர் பக்கென்று சிரித்து இருமலாக மாற்றினார். செயலாளர் திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கம்பெனிக்குக் கம்பெனி அஞ்சு வேறதானே” என்றார் தனக்குத்தானே. இத்தனைக்கும் ஆபீசில் நாள் பூராவும் நம்பர் எழுதுகிறவர்.

“சரி, எப்படிச் சமமா வெக்கறது? அவன் மீட்டரை நான் நம்பமாட்டேன்” என்றார் காதுக்காரர்.

“கடுகை நம்புவியளா?” என்றேன்.

என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். பட்டறையில் மீட்டர் ரிப்பேரான நாட்களில் நாங்கள் செய்கிற வேலைதான் அது. அவருக்கே மறந்துபோயிருந்தது, பெரிய மனுஷர் வீடு என்ற பயத்தில். ஸ்பீக்கரை மல்லாக்கப் படுக்கவைத்தார். அதன் வாயில் இனிப்புப் பெட்டியின் அட்டை மூடியை வைத்தார். மாமி அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி கடுகு கொண்டுவந்து தூவினாள். அவர் ரிக்கார்டுப் பெட்டிக் கம்பியின் முனையைக் கழற்றி விரலால் தொட்டார். ஸ்பீக்கரில் உர்ர்ர் என்று உறுமல். கடுகு குதிக்க ஆரம்பித்தது.

“மொதல்ல எங்க பொட்டி. எவ்வளவு ஒசரம் குதிக்குன்னு எல்லாரும் பாத்துக்கிடுங்க” என்றேன்.

கடுகு அட்டையோடு அட்டையாகத் தத்தியது. பிறகு பிடியை மறுபக்கம் சாய்த்தேன். அதே அஞ்சாம் நம்பர். கடுகு எம்பிக் குதித்தது. அட்டையைத் தாண்டிக் கூடமெல்லாம் சிதறி, ஒன்று காதுக்காரரின் வேட்டி மடிப்பில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே போய் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் மச்சினர் பெட்டியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஐந்திலிருந்து நாலு, நாலிலிருந்து மூன்றரை. நான் பிடியை இங்கும் அங்கும் சாய்த்தபடி இருந்தேன். ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் கடுகு ஒரே மாதிரி தத்தியது.

“போதும். இப்போ சமம்” என்றார். எங்களைவிட அவருக்குத்தான் திருப்தி.

மறுபடி எங்களை வெளியே அனுப்பினார்கள். செயலாளர் பெட்டிகளை இடம் மாற்றினாரோ மாற்றவில்லையோ, கூடையைக் கவிழ்த்தார். வாசலில் நின்றபோது என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்:

“எனக்கு மொதல் பாட்டுலயே தெரியும்ட்டி. அந்தப் பொட்டிக்குச் சத்தம் கூடுதல்.”

“தெரிஞ்சா சொல்லப்படாதா? நாக்குல ஈயத்தப் பத்தவச்சிருக்கியளா?”

“தோத்தவன் சொன்னா சாக்குன்னுதான சொல்லுவாவ.”

அவர் சொன்னது நிஜம்தான்.

இரண்டாம் சுற்று. கொட்டை உருண்டது. இந்தத் தடவை வனஸ்பதி வாசனை வலது கூடையிலிருந்து வந்தது. நான் மூக்கை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். டம்ளர் மூடி எதற்கும் ஆடவில்லை. வெளியே “ஆஹா” எப்போது வரும், இருமல் எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. ஒருத்தர் ஆஹா என்னும்போது இன்னொருத்தர் ம்ஹும் என்கிறார். ஐந்தாவது தடவைக்குப் பென்சில் கிறுக்கும் சத்தம் மட்டும். ஆறாவது தடவை காதுக்காரர் “இன்னொரு தரம் அதையே போடு” என்றார். ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். பிடியை நான் தொடவில்லை. அந்த இடத்தில் வீணைத் தந்தியை விரல் இழுத்துவிடும் வழுக்கல் ஒன்று வரும். எனக்கே கேட்டது. எங்கள் பெட்டிதான் பாடிக்கொண்டிருந்தது.

பத்து முடிந்தது. செயலாளர் புள்ளியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“என்னன்னா?” என்றாள் மாமி.

“ஒண்ணும் புரியலை. எங்க நாலு பேரோடது ரெண்டு பக்கமும் பாதிக்குப் பாதி. நான் ஒரே பெட்டிக்கு டிக்கும் போட்டிருக்கேன், பெருக்கல் குறியும் போட்டிருக்கேன்.”

“ஸாரோடது?”

ஸார் என்றது காதுக்காரரை. செயலாளர் தயங்கினார். காதுக்காரர், “படியும், படியும்” என்றார்.

வலது பக்கம் ஆறு தடவை பாடியிருந்தது. அதில் ஐந்துக்கு அவர் டிக் போட்டிருந்தார். திரும்பப் போடச் சொன்ன அந்தத் தடவைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘சந்தேகமே இல்லை, வெளிநாடு’ என்று எழுதியும் வைத்திருந்தார். இடது பக்கம் பாடிய நாலு தடவையில் மூன்றுக்குப் பெருக்கல் குறி. ஒன்றின் பக்கத்தில், ‘டப்பா.’

யாரும் கூடையைத் தூக்க வரவில்லை. மாமியே வந்து வலது கூடையைத் தூக்கினாள்.

பாதி அழிந்த பனைமரம். உள்ளே வால்வுகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. வாசனை கூடம் முழுக்கப் பரவியது. செயலாளர் மூக்கை உறிஞ்சி, “அடுக்களையிலே பூரி போடறயா?” என்று கேட்டார்.

அப்போது நான் சிரித்த சிரிப்புக்கு அளவே இல்லை. வாயில் முந்தானையை வைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. மாமியும் சேர்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் காதுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷர் ஒரு வார்த்தையில், இன்னொரு தரம் வைக்கலாம் என்றோ, ஊசி சரியில்லை என்றோ சொல்லியிருக்கலாம். சொன்னால் மற்ற நாலு தலையும் ஆடியிருக்கும்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவந்து பெட்டிக்கு முன்னால் குனிந்தார். பனைமரத்தை விரலால் தொட்டார், சுட்டது, எடுத்துக்கொண்டார்.

“ஏம்பா, அந்த வழுக்கல் எப்படி இவ்வளவு தெளிவா வரது?”

“டிரான்ஸ்பார்மர் நானே சுத்துனது, ஸார். மூணு மட்டம் பிரிச்சுச் சுத்துனேன். சரியா வார வரைக்கும் விடல.”

“மூணு தரமா?”

“நாலு, ஸார். ஒண்ண இவ அடுப்புப் பக்கத்துல வச்சு மெழுகு உருகிப்போச்சு.”

பெரிய மனுஷர் வீட்டில் என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் இவருக்கு வாய் திறக்கும்.

காதுக்காரர் செயலாளர் பக்கம் திரும்பினார். “நான் எழுதினது எழுதினதுதான். காது பொய் சொல்லாது. கண்தான் இத்தனை நாளா காதுக்குக் கணக்கப்பிள்ளையா இருந்திருக்கு. இதையே வெச்சுக்கலாம். ஏதாவது ஆனா, கப்பலுக்கு எழுதிப் போட்டுண்டு உக்கார வேண்டாம், இவர் நடந்து வந்துடுவார். கீழ்த்தளத்து ஹாலுக்கும், பஜனை மடத்துக்கும் ஒண்ணொண்ணு கட்டச் சொல்லுங்கோ. மச்சினனுக்கு நான் சொல்லிக்கறேன்.” கொஞ்சம் யோசித்து, “ஆனா ஒண்ணு. மேடையிலே இதை இப்படியே வெச்சா வித்வான் எழுந்து போயிடுவார். நல்லதா ஒரு மரப்பெட்டி போட்டுடணும்” என்றார்.

“அஞ்சாறு நாளுல போட்டுருதேன், ஸார்” என்றார் என் வீட்டுக்காரர். அப்போதுதான் என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு. புதுப் பெட்டி பாடும்போது வருகிறதே, அதுதான், ஆனால் இரண்டு பங்கு. ஐந்து பேருக்கு நடுவில், வெட்கமில்லாமல். நான்தான் தலையைக் குனிந்து கடுகு பொறுக்க ஆரம்பித்தேன்.

அன்றைக்கே சபையில் மாட்டிப் பார்க்கவேண்டும் என்று பெட்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். திரும்பும்போது இருவரும் பெட்டி இல்லாமல் வந்தோம். பாலத்தில் இவர் என் கையிலிருந்த காலிச் சேலையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வழி முழுக்கச் சீழ்க்கை அடித்துக்கொண்டே வந்தார். அவருக்குச் சீழ்க்கை வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பெட்டி இல்லாமல் வருவதைத் தெரு பார்த்துவிட்டது. போகும்போது தோளில் இருந்தது, வரும்போது இல்லை. வாசல் வாசலாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுளகைக் கீழே வைத்தார்கள். அத்தானின் சம்சாரம், என் ஓரகத்தி, எழுந்தே வந்துவிட்டாள். அவளுக்கு உள்ளபடியே வருத்தம்தான்.

“எம்மா, பொட்டிய ஒடைச்சிட்டாவளா?”

“இல்லக்கா. புடிச்சு வச்சுக்கிட்டாவ.”

“ஐயோ, எதுக்கு?”

“பாட்டுல ஒரு கொறையும் இல்லியாம். துணி இல்லாம நிக்கான், அதான் மேடையேத்த வெக்கமா இருக்காம். சட்டை தைச்சுக் கொண்டாந்து போடச் சொல்லிட்டாவ. கூட அவன் தம்பிமாரு ரெண்டு பேரையும் கேட்டிருக்காவ.”

அவள் என் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் சீழ்க்கை அடித்தபடியே பட்டறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவளுக்கு மெல்ல விளங்கியது.

“அப்போ ஒண்ணாந்தேதி?”

“அத்தான்கிட்ட சொல்லிருங்கக்கா,” என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. “அந்த மேஸ்திரிக்கு வேற ஆள் பாக்கட்டும். எங்க வீட்டுல இனிமே ஆசாரி வேலை, தையல் வேலை, பாட்டு வேலைன்னு கெடக்கு. எனக்கே ஆள் பத்தல.”